ஒலிக்கு ஓர் அணை



சென்ற தைப்பொங்கலன்று நஞ்சன்கூட்டுத் தமிழ்க் குடும்பங்கள் கூடிச் சிறு இசை நிகழ்ச்சியொன்று நடத்தினோம். பாஸ் கித்தாருக்குரிய பெருக்கியை டிரான்சிஸ்டர்களைக் கொண்டு நானே அமைத்திருந்தேன். ஸ்பீக்கரோ இரவல், வீட்டில் கித்தார் கற்பிக்கும் ஓர் அண்ணனுடையது. மூன்றாம் பாட்டில் அது கருகிய நாற்றத்தோடு ஊமையாயிற்று. அண்ணன் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, நாளைக்குப் பிள்ளைங்க வருவாங்களே!" என்று மட்டும் சொன்னார். இயற்பியல் முதுகலை பயிலும் எனக்கு அதனினும் பெரிய தண்டனை வேறில்லை.

என் பெருக்கி 9 வாட். ஸ்பீக்கர் 10 வாட். பிறகு ஏன் கருகியது? கணக்கைக் காண்போம். மின்னழுத்தம் 24 வோல்ட். இழப்புகளை விட்டுவிட்டால், ஒலியலை நடுவிலிருந்து இருபுறமும் 12 வோல்ட் எழலாம். 8 ஓம் ஸ்பீக்கரில் ஒழுங்கான சைன் அலை தரும் ஆற்றல் 9 வாட். ஆனால் கம்பியை வலிந்து மீட்டினால் அலை 12 வோல்ட்டைத் தாண்ட இயலாமல் தலை வெட்டப்பட்டுச் சதுரமாகிறது. சதுர அலையின் ஆற்றல் 18 வாட், அதாவது இருமடங்கு! "சிறிய பெருக்கி ஸ்பீக்கரைக் கெடுக்காது" என்னும் நம்பிக்கை இங்கே பொய்த்துப் போகிறது.

இதற்குத் தீர்வு இரண்டு: கம்ப்ரஸர், லிமிட்டர். நம் கபிலை ஆற்றை நினையுங்கள். மேலே அணையின் மதகுகள் நீரை அளந்து விடுகின்றன. அதையும் மீறி வருவதைக் கரை தடுக்கிறது. கம்ப்ரஸர் மதகு, லிமிட்டர் கரை.

கம்ப்ரஸர், குறித்த அளவுக்கு மேல் எழும் ஒலியைக் குறைத்து அனுப்புகிறது. நான்குக்கு ஒன்று என்னும் விகிதத்தில், உள்ளே 8 டெசிபல் மிகுந்தால் வெளியே 2 டெசிபலே மிகும். இதை ஒளியால் செய்யலாம். சமிக்ஞையின் ஒரு பகுதியை டயோடால் நேராக்கி மின்தேக்கியில் சேர்க்க வேண்டும். அந்த அழுத்தத்தைக் கண்டு ஒரு டிரான்சிஸ்டர் எல்.ஈ.டி. விளக்கை ஏற்றும். விளக்கையும் ஒளியுணர் மின்தடையையும் கறுப்புக் குழாயில் எதிரெதிரே அடைத்துவிடுங்கள். ஒளி பட்டதும் தடை குறையும். சமிக்ஞையின் ஒரு பங்கு தரைக்கு வழிந்தோடும். 1960களில் அமெரிக்காவில் ஜிம் லாரன்ஸ் ஆக்கிய புகழ்பெற்ற எல்.ஏ.-2ஏ கருவியும் ஒளியையே துணைக்கொண்டது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பாஸ் கித்தாரின் தடித்த கம்பி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. ஓர் அலைக்கு ஏறத்தாழ 24 மில்லிநொடி. மின்தேக்கி அதற்குள் வடிந்துவிட்டால், கருவி ஒவ்வோர் அலையையும் தனித்தனியே அமுக்கி ஒலியைக் கெடுக்கும். எனவே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கிக்கு, வடிய 47 கிலோ ஓம் வைத்தேன். அது ஏறத்தாழ அரை நொடி. நிறைய 1 கிலோ ஓம்; 10 மில்லிநொடி.

ஆயினும் மீட்டலின் முதல் அடி, விளக்கு எரியுமுன் நழுவிவிடும். அதற்கே லிமிட்டர். ஒரு மின்தடைக்குப் பின், எதிரெதிர் திசையில் இரண்டு சிலிக்கன் டயோடுகளைத் தரைக்கு இணைத்தால், சமிக்ஞை ஏறத்தாழ 0.6 வோல்ட்டோடு நின்றுவிடும். அடுத்த பகுதியின் பெருக்கம் 13 எனில், வெளியே உச்சம் 7.8 வோல்ட். அது முழுச் சதுர அலையாக இருந்தாலும் ஆற்றல் 7.6 வாட்டே! ஸ்பீக்கர் பிழைக்கும். ஒலியளவுக் குமிழை மட்டும் டயோடுகளுக்கு முன்னே வையுங்கள். பின்னே கூடுதல் பெருக்கம் இருந்தால் காவல் வீணாகும்.

இதற்கு விலையும் உண்டு. தூய ஒலியின் உச்ச ஆற்றல் 9 வாட்டிலிருந்து 4 வாட்டுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். ஆனால் காதுக்கு அது பாதியாகத் தோன்றாது. 4 டெசிபல் அளவே குறையும்.

உதவித்தொகையில் ஒரு பங்கைக் கொடுத்து ஸ்பீக்கருக்குப் புதிய சுருள் இட்டேன். புதிய பெருக்கியோடு அதை அண்ணனிடம் சேர்த்தேன். அவர் குமிழை முழுவதும் திருப்பி, தடித்த கம்பியை ஓங்கி மீட்டினார். நான் மூச்சடக்கி நின்றேன். ஸ்பீக்கர் அதிர்ந்தது; கருகவில்லை.

கருவி செய்ய விழையும் தோழர்களே, எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்று கேட்குமுன், எங்கே நிற்கும் என்று கணக்கிடுங்கள். இரவல் பொருளாயின் இருமுறை கணக்கிடுங்கள்.