எந்த ஊர்ப் பிள்ளை மாதிரி வளர்ப்பது?

புதிதாகப் பெற்றோரானவர்களுக்கு, பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரின் பத்து அறிவுரைகள்

என் பழைய மாணவர்கள் கைக்குழந்தையோடு வீட்டுக்கு வருவார்கள். எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்பதுதான் முன்பெல்லாம் கேள்வி. இப்போது கேள்வி மாறிவிட்டது. "சார், சீனாக்காரங்க விடிய விடியப் படிக்க வைக்கிறாங்களாம். ஃபின்லாந்துல வீட்டுப்பாடமே இல்லையாம். ஜப்பான்ல மூணு வயசுப் பிள்ளை தனியா கடைக்குப் போகுதாம். நாங்க யாரைப் பார்த்து வளர்க்கிறது?" அவர்களுக்கு அவ்வப்போது சொன்னவற்றை இங்கே வரிசைப்படுத்தித் தருகிறேன்.

1. புலித்தாயைப் பார்த்து மிரளாதீர்கள்.

'புலித்தாய்' என்ற பெயர் பரவக் காரணம், யேல் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஏமி சுவா 2011இல் வெளியிட்ட புத்தகம். தோழி வீட்டில் இரவு தங்கக் கூடாது, டி.வி. கூடாது, 'ஏ'வுக்குக் கீழே மதிப்பெண் கூடாது, பியானோவோ வயலினோ கட்டாயம் என்பதெல்லாம் அவர் வீட்டுச் சட்டங்கள். புத்தகத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் பின்பாதியைச் சொல்வதில்லை. இளைய மகள் பதின்மூன்று வயதில், மாஸ்கோவில் ஓர் உணவகத்தில் கண்ணாடி டம்ளரை உடைத்து அம்மாவிடம் வெடிக்கிறாள். வயலினை ஒதுக்கிவிட்டு டென்னிஸ் ஆடப் போகிறாள். அம்மா இறங்கிவருகிறார்.

டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் சு யோங் கிம், அமெரிக்காவில் வாழும் 444 சீன வம்சாவளிக் குடும்பங்களை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2013இல் முடிவுகளை வெளியிட்டார். அங்கே புலிகளைவிட அனுசரணையான பெற்றோரே அதிகம். மதிப்பெண்ணிலும் மன நலத்திலும் முன்னால் நின்றதும் அவர்கள் பிள்ளைகள்தான். புலிகளின் பிள்ளைகளிடம் மனச்சோர்வும் பெற்றோரிடமிருந்து விலகலும் கூடுதலாக இருந்தன.

2. ஒரு சமூகமே ஜெயித்தால், அங்கே முதலில் போனவர்கள் யார் என்று கேளுங்கள்.

அமெரிக்காவின் ஸ்க்ரிப்ஸ் ஸ்பெல்லிங் பீ போட்டியில் 1985இல் பாலு நடராஜன் வென்றார். வென்ற முதல் இந்திய வம்சாவளிப் பிள்ளை அவர். 2019இல் எட்டுப் பேர் கூட்டாக வென்றார்கள். அதில் ஏழு பேர் இந்திய வம்சாவளியினர். உடனே 'இந்திய மூளை', 'இந்திய வளர்ப்பு' என்று நாம் மார்தட்டிக்கொள்கிறோம். 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் வந்த பிறகு அமெரிக்கா போனவர்களில் எஞ்சினியர்களும் டாக்டர்களும் எத்தனை பேர் என்று எண்ணிப்பாருங்கள். ஜெனிபர் லீ, மின் ஜோ என்ற இரு சமூகவியலாளர்கள் 2015இல் எழுதிய நூல் இதைத்தான் விளக்குகிறது: சொந்த நாட்டின் சராசரியைவிடப் பலமடங்கு படித்தவர்களே அங்கே போய்ச் சேர்ந்தார்கள். கூடவே அவர்களுக்குள் தகவல் வலையும் பயிற்சி வகுப்பும் உருவாயின. இந்தியப் பிள்ளைகளுக்கென்றே ஊர் ஊராகச் சொல்லெழுத்துப் போட்டி நடத்தும் அமைப்புகள் இருக்கின்றன. சலித்தெடுத்த கூட்டத்தின் வெற்றியை வளர்ப்பு முறையின் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள்.

3. பழக்கத்தைப் பார்க்குமுன், அது எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள்.

நான் சொல்வதில் முக்கியமானது இதுதான். ஜப்பானில் 1991 முதல் ஒரு டி.வி. நிகழ்ச்சி வருகிறது, பொடிப்பிள்ளைகள் முதன்முறையாகத் தனியாகக் கடைக்குப் போவதைக் காட்டுவார்கள். பிள்ளை தனியாகப் போவதாக நமக்குத் தோன்றும். படக்குழு மறைவாகக் கூடவே போகும். நிஜ வாழ்விலும் அப்படித்தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு அப்பா அம்மா இல்லாமல் பள்ளிக்கு நடக்கிறது. ஆனால் பல ஊர்களில் பெரிய வகுப்புப் பிள்ளை ஒன்று முன்னே நடத்திக்கொண்டு போகிறது, சாலை கடக்கும் இடத்தில் அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் நிற்கிறார்கள். மதியம் வெள்ளை ஏப்ரனும் தொப்பியும் மாட்டிக்கொண்டு பிள்ளைகளே வகுப்பறையில் சூப்பும் சோறும் பரிமாறுகிறார்கள். பிறகு துடைப்பம் எடுத்து வகுப்பைக் கூட்டுகிறார்கள். வீட்டில் அம்மா சொல்லி மட்டும் வந்த ஒழுங்கல்ல அது. வகுப்பே சேர்ந்து செய்வதால் நிலைத்தது.

ஃபின்லாந்தும் இப்படியே. அங்கே வீட்டுப்பாடம் குறைவு. அடியோடு இல்லை என்பது கட்டுக்கதை. ஏழு வயதில்தான் ஒன்றாம் வகுப்பு. அதைத் தாங்குவது எது? பள்ளி ஆசிரியருக்கு முதுகலைப் பட்டம் வேண்டும். 1948 முதல் எல்லாப் பிள்ளைக்கும் இலவசப் பள்ளி உணவு. அந்த நாட்டுக்கும் ஏற்ற இறக்கம் உண்டு. பீசா என்ற சர்வதேசத் தேர்வில் அதன் கணிதச் சராசரி 2003இல் 544, 2022இல் 484. வளர்ப்பு முறை இருபது வருடத்தில் தலைகீழாக மாறிவிட்டது என்றா இதற்குப் பொருள்?

நம் ஊரிலும் இதற்குச் சான்று இருக்கிறது. காமராஜர் காலத்து மதிய உணவைச் சாப்பிட்டுப் படித்த தலைமுறையின் பெற்றோர் எந்த வளர்ப்பு நூலையும் படித்தவர்கள் அல்லர்.

ஆகவே வீடியோவைப் பார்த்துவிட்டு மூன்று வயதுப் பிள்ளையை லாரி ஓடும் தெருவில் அனுப்பாதீர்கள். சாப்பிட்ட தட்டைக் கழுவட்டும், பாட்டிக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். அதற்கு எந்த ஏற்பாடும் வேண்டாம்.

4. ஒரே செயல், வீட்டுக்கு வீடு வேறு அர்த்தம்.

ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு இது. சான் பிரான்சிஸ்கோவில் ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்துப் புதிர்கள் கொடுத்தார்கள். சிலரைத் தாங்களே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். சிலருக்கு ஆய்வாளரே எடுத்துக் கொடுத்தார். சிலரிடம் 'இது உன் அம்மா தேர்ந்தெடுத்தது' என்றார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் தாங்களே எடுத்ததில்தான் நன்றாகச் செய்தார்கள். ஆசிய வம்சாவளிப் பிள்ளைகள் அம்மா தேர்ந்தெடுத்தது என்றபோது எல்லாரையும் மிஞ்சினார்கள்.

பிள்ளைக்காக நீங்கள் முடிவெடுப்பது தானாகவே அடக்குமுறை ஆகிவிடாது. அம்மா நமக்காகத்தான் செய்கிறாள் என்று பிள்ளை நம்ப வேண்டும், அவ்வளவுதான். அந்த நம்பிக்கை இல்லாத வீட்டில் அதே கட்டுப்பாடு சிறையாகிவிடும்.

5. எந்த வாழ்க்கைக்காக வளர்க்கிறோம் என்று கேளுங்கள்.

ஒரு மிட்டாயை வைத்துவிட்டு, 'பொறுத்திருந்தால் இரண்டு' என்று சொல்லும் பிரபலமான சோதனையை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைக் கேமரூன் நாட்டில் விவசாயம் செய்து வாழும் ந்சோ இனத்தின் நான்கு வயதுப் பிள்ளைகளிடமும், ஜெர்மன் நடுத்தர வர்க்கப் பிள்ளைகளிடமும் செய்துபார்த்தார்கள். ந்சோ பிள்ளையின் முன்னால் வைத்தது அந்த ஊரில் எண்ணெயில் பொரிக்கும் இனிப்புப் பலகாரம். கிட்டத்தட்ட நூற்றுக்கு எழுபது பேர் பொறுத்திருந்தார்கள். ஜெர்மன் பிள்ளைகளில் முப்பது பேர்கூட இல்லை. ஜெர்மன் பிள்ளைகள் நெளிந்தார்கள், பாடினார்கள், தங்களுக்குத் தாங்களே பேசிக்கொண்டார்கள். ந்சோ பிள்ளைகள் ஆடாமல் அசையாமல் இருந்தார்கள்; சிலர் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனார்கள்.

பெரியவர் சொல் கேள், அழுகையை அடக்கு என்று கைக்குழந்தையிலிருந்தே பழக்குவது ந்சோ தாயின் முறை. 'உனக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டுக் கேட்டு வளர்ப்பது ஜெர்மன் தாயின் முறை. முதல் பிள்ளைக்குக் காத்திருக்கத் தெரியும், இரண்டாவது பிள்ளைக்குத் தன் விருப்பத்தைச் சொல்லத் தெரியும். ஊருக்குள் கூட்டாக வாழும் வாழ்க்கைக்கு முதலாவது உதவும். நேர்காணலில் தன்னைப் பற்றிப் பேசவேண்டிய வாழ்க்கைக்கு இரண்டாவது உதவும். உங்கள் பிள்ளைக்கு இரண்டும் தேவைப்படப் போகிறது. வீட்டில் எது தானாகக் கிடைக்கிறதோ அதை விட்டுவிடுங்கள். கிடைக்காததை முயன்று கொடுங்கள்.

6. பண்பாடு என்று சொல்வதில் பணமும் ஒளிந்திருக்கும்.

அதே மிட்டாய்ச் சோதனையை அமெரிக்காவில் பெரிய அளவில் மீண்டும் ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். குடும்பப் பின்னணியைக் கணக்கில் சேர்த்ததும், பொறுமைக்கும் பிற்காலப் படிப்புக்கும் இருந்த தொடர்பு பெரும்பாலும் கரைந்துவிட்டது. அனெட் லரோ என்ற சமூகவியலாளர் கறுப்பின, வெள்ளையினக் குடும்பங்களுக்குள் புகுந்து பார்த்து 2003இல் எழுதினார்: பிள்ளை வளர்ப்பில் நிறத்தைவிட வர்க்கமே பெரிய கோடு கிழித்தது. வாடகை கட்ட முடியாத வீட்டைப் பார்த்து 'வளர்ப்பு சரியில்லை' என்று சொல்லாதீர்கள்.

7. 'இவனுக்குக் கணக்கு வராது' என்று பிள்ளை எதிரில் சொல்லாதீர்கள்.

பெற்றோர் கூட்டத்தில் இதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அப்பா ரேங்க் கார்டைப் புரட்டிக்கொண்டே சொல்வார்: "எனக்கும் வராது சார், இவனுக்கும் வராது." பையன் பக்கத்தில் நின்று சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருப்பான். அடுத்த பரீட்சையில் ஐந்து மார்க் கணக்கை எழுதிப் பார்க்காமலே விட்டிருப்பான். அப்பாவே சொன்னபிறகு அவன் ஏன் முயல வேண்டும்?

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஹரோல்ட் ஸ்டீவன்சன் 1980களில் அமெரிக்காவின் மினியாபொலிஸ், ஜப்பானின் செண்டாய், தைவானின் தைபே நகரங்களில் ஆரம்பப் பள்ளிக் கணிதத்தை ஒப்பிட்டார். அமெரிக்கப் பிள்ளைகள் பின்தங்கியிருந்தார்கள். ஆனால் பள்ளியில் அதிகத் திருப்தி அடைந்தவர்கள் அமெரிக்கத் தாய்மார்களே. பிறவித் திறமைக்கு அவர்கள் கொடுத்த இடத்தை ஆசியத் தாய்மார்கள் உழைப்புக்குக் கொடுத்தார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எல்லாம் உழைப்புதான் என்று நம்பும் வீட்டில், தோற்ற பிள்ளைக்குச் 'சோம்பேறி' என்ற பெயர் வந்துவிடும். எழுத்து தடுமாறுகிற பிள்ளைக்கு டிஸ்லெக்ஸியா இருக்கலாம். கரும்பலகையைத் தவறாக எழுதியெடுக்கிற பிள்ளைக்குக் கண்ணாடி தேவைப்படலாம். திட்டுமுன் பரிசோதித்துப் பாருங்கள்.

8. அடிக்காதீர்கள். 'நம் ஊர் வழக்கம்' என்று சொல்லியும் அடிக்காதீர்கள்.

அடியாத மாடு படியாது என்பார்கள். மாட்டுக்கு என்னவோ, பிள்ளைக்கு அது பொருந்தாது. ஜெனிபர் லான்ஸ்ஃபோர்டும் சகாக்களும் சீனா, இந்தியா, இத்தாலி, கென்யா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து என ஆறு நாடுகளில் ஆராய்ந்து 2005இல் எழுதினார்கள். அடி சகஜமான ஊரில் அதோடு சேர்ந்து வரும் கெடுதல் கொஞ்சம் குறைகிறது, ஆனால் மறைவதில்லை. அதிகம் அடி வாங்கும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் பதற்றமும் எல்லா நாட்டிலும் கூடியே இருந்தன. ஸ்வீடன் 1979இலேயே வீட்டு அடிக்கும் தடை போட்டது. நம் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பள்ளியில் அடிப்பதையும் மனத்துன்பம் தருவதையும் தடுக்கிறது. பள்ளியில் குற்றமானதை வீட்டில் பாசம் என்று சொல்லாதீர்கள்.

9. வெளிநாட்டில் வளர்க்கிறவர்கள் அந்த ஊர்ச் சட்டத்தை முதலில் படியுங்கள்.

2011இல் நார்வேயின் ஸ்டாவஞ்சர் நகரில் ஓர் இந்தியத் தம்பதியின் இரண்டு குழந்தைகளைக் குழந்தைகள் நலத்துறை எடுத்துக்கொண்டது. கையால் ஊட்டியதையும் கூடவே படுக்கவைத்ததையும் குற்றமாக்கினார்கள் என்று பெற்றோர் சொன்னார்கள். காரணம் அதுவல்ல என்றது நலத்துறை. இரு நாட்டு அரசுகளும் பேசி, 2012இல் குழந்தைகள் இந்தியா வந்துசேர்ந்தார்கள். ஆஸ்லோவிலும் டொராண்டோவிலும் இருக்கும் நம் பிள்ளைகளே, ஊட்டுவதையும் பக்கத்தில் படுக்கவைப்பதையும் விடவேண்டியதில்லை. குழந்தை காப்பகத்து ஆசிரியரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். உங்கள் வீட்டு வழக்கத்தை அவர்கள் சந்தேகப்படுமுன் சொல்லிவிடுங்கள்.

10. முன்னால் ஓடியவர்களே வேகத்தைக் குறைப்பதைக் கவனியுங்கள்.

தென்கொரியாவில் நவம்பரில் நடக்கும் கல்லூரி நுழைவுத் தேர்வன்று ஆங்கிலம் கேட்டு எழுதும் நேரத்தில் விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் இல்லை. அதே நாட்டுத் தலைநகர் சியோல், டியூஷன் சென்டர்கள் இரவு 10 மணிக்கு மேல் நடக்கக் கூடாது என்று விதி போட வேண்டியிருந்தது. 2023இல் தென்கொரியாவின் கருவள விகிதம் 0.72, பிள்ளை பெறத் தயங்குவதற்குப் படிப்புச் செலவையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். சீனா 2021இல் பள்ளிப் பாடங்களுக்கு லாப நோக்கில் டியூஷன் நடத்துவதைத் தடைசெய்தது. பீசா கணிதத்தில் 2022இல் முதலிடம் வந்த சிங்கப்பூர், பன்னிரண்டு வயதுத் தேர்வில் பிள்ளையைச் சக பிள்ளைகளோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடும் முறையை 2021இல் கைவிட்டது. தமிழ்நாட்டில் 2017 முதல் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு மாநில ரேங்க் அறிவிப்பதில்லை. அரசு நிறுத்தியதை வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் நீங்கள் தொடராதீர்கள்.

எந்த நாட்டு முறையையும் அப்படியே எடுத்துவர முடியாது. எடுத்துவரத் தேவையும் இல்லை. ஆனால் இத்தனை நாடுகளிலும் பொதுவாகத் தெரிவது ஒன்று உண்டு: வீடு கண்டிப்பாக இருக்கலாம், பயமாக இருக்கக் கூடாது. மார்க் குறைந்த நாளில் பிள்ளை முதலில் தேடி வரும் ஆள் நீங்களாக இருக்க வேண்டும். அந்தப் பேச்சைப் பத்தாம் வகுப்பில் தொடங்க முடியாது. இப்போதே தொடங்குங்கள்.