மானியத்துக்கு முன்னால் பட்டா

நீலகிரியில் மானியம் கைக்கு வராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் பட்டாதான். கோத்தகிரி, குந்தா பக்கத்து ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) பேரன் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார். பட்டாவில் தாத்தா பெயரும் பங்காளிகள் பெயரும் சேர்ந்து நிற்கும். எந்தத் துறைக்குப் போனாலும் முதலில் கேட்பது இந்தக் காகிதத்தைத்தான்.

இ-சேவை மையத்தில் சிட்டா எடுத்துப் பாருங்கள். உங்கள் பெயர் இல்லையென்றால் இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தால் அதையும் சேர்த்து அங்கேயே பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்கலாம். கூட்டுப் பட்டாவில் உங்கள் பங்கைப் பிரிக்க உட்பிரிவுக் கட்டணம் கட்ட வேண்டும். சர்வேயர் வந்து அளப்பார். சரிவான தோட்டத்தில் எல்லைக்கல் புதருக்குள் கிடக்கும். அளக்க வரும் முன்பே வெட்டித் துப்புரவாக்கி, பங்காளிகளையும் வரச்சொல்லுங்கள். அன்றைக்கு ஒருவர் முரண்டு பிடித்தால் கோப்பு அப்படியே கிடக்கும். தாலுகா அலுவலகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தியில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

கூடலூர், பந்தலூர்க்காரர்களின் பாடு வேறு. 1969-ஆம் ஆண்டு ஜென்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கிய நிலத்துக்கு விண்ணப்பம் போட்டுப் பட்டா வாங்கிவிட முடியாது. ‘ஏற்பாடு செய்து தருகிறேன்’ என்று யாராவது வந்தால் பணம் கொடுக்காதீர்கள். 2020-இல் பிஎம் கிசான் என்ற விவசாயி உதவித்தொகைத் திட்டத்தில் இப்படித் தரகர்கள் மூலம் சேர்ந்த தகுதியற்றவர்கள் தமிழ்நாடு முழுக்க 5 லட்சத்துக்கும் மேல். பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள்.

பட்டா சரியானதும் ஆதார், பட்டா, ஆதாரில் பதிந்த செல்போன் மூன்றையும் கொண்டுபோய் விவசாயி தனித்துவ அடையாள எண்ணுக்குப் பதியுங்கள். பொதுச் சேவை மையத்திலும் முகாம்களிலும் இலவசம்.

அடுத்தது வங்கி. ஆதார் வழியாக வரும் பணம், கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தீர்களோ அதில்தான் விழும். விண்ணப்பத்தில் வேறு கணக்கு எண் எழுதியிருந்தாலும் அப்படித்தான். வராத பணம் சில நேரம் மறந்துபோன பழைய கணக்கில் கிடக்கும். ஒருமுறை வங்கியில் கேட்டுவிடுங்கள்.

பிஎம் கிசானில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு வாங்கிய நிலத்துக்குக் கிடைக்காது. உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலம் என்றால் கிடைக்கும். வருமான வரி கட்டுகிறவர்கள், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் பெறுகிறவர்கள் சேர முடியாது. வீட்டுக்கு ஓர் அரசு ஊழியர் இருக்கும் மலை இது. அவர்களுக்கும் பெரும்பாலும் கிடையாது என்பதால் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இ-கேஒய்சி முடிக்காவிட்டால் தவணை நிற்கும். சந்தேகத்துக்கு 155261.

தேயிலைக்காரர்களுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. பச்சைத் தேயிலை விலை விழுந்தபோது 2024-இல் மாநில அரசு கொடுத்த கிலோவுக்கு 2 ரூபாய் மானியம், இன்கோசர்வ் கூட்டுறவுத் தொழிற்சாலைகளுக்கு இலை போட்ட அங்கத்தினர்களுக்கானது. அந்த மானியம் திரும்ப வந்தாலும் கணக்கில் ஏறுவது உங்கள் அங்கத்தினர் எண்ணில் பதிவான கிலோதான். கையில் உடனே காசு தருகிறார் என்று ஏஜென்டுக்குப் போட்ட இலை அதில் வராது. எடைச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். 10.12 ஹெக்டேருக்குள் தேயிலை வைத்திருந்தால் குன்னூரில் தேயிலை வாரிய அலுவலகத்தில் சிறு விவசாயி அடையாள அட்டைக்கும் கேளுங்கள். கவாத்து இயந்திரம், தராசு போன்றவற்றுக்கு வாரியம் தரும் உதவி சுய உதவிக் குழு வழியாக வருவதால், குழுவில் இல்லாதவர் சேர்ந்துவிடுவது லாபம்.

கேரட், உருளைக்கிழங்கு போடுகிறவர்கள் தெளிப்புநீருக்குத் தோட்டக்கலைத் துறையை அணுகலாம். 5 ஏக்கருக்குள் நிலமிருந்து சிறு, குறு விவசாயி சான்று வைத்திருந்தால், அரசு நிர்ணயித்த செலவுக்குள் 100 சதவீதம் மானியம், மற்றவர்களுக்கு 75. உழவன் செயலியிலும் பதியலாம். அதிகாரி தோட்டத்தைப் பார்த்து, பணி ஆணை வந்த பிறகே குழாய் இறக்குங்கள். அதற்கு முன் கடையில் வாங்கிப் போட்ட குழாய்க்கு மானியம் கிடையாது.