இயர்போன் கம்பி எங்கே முறிகிறது?

பாட்டு இனிதாக ஒலித்துக்கொண்டிருக்கையில் ஒரு பக்கம் திடீரென ஊமையாகிவிடும். உதவித்தொகையைச் சேர்த்து நான் வாங்கிய உயர்ந்த ரக இயர்போன் எட்டாம் மாதத்தில் இவ்வாறு மௌனமாயிற்று. ஒலிக்கும் கருவியில் பழுதில்லை. கம்பியைப் பிரித்துப் பார்த்தேன். பிளக்கை ஒட்டிய இடத்தில் செப்பிழைகள் முறிந்திருந்தன. மேலுறையோ முழுதாக இருந்தது!

இழுத்து அறுந்ததன்று, வளைந்து வளைந்து முறிந்தது. ஒவ்வொரு வளைவிலும் செம்பு கடினமாகி, நுண்ணிய வெடிப்புக் கண்டு, முடிவில் முறிகிறது. இதனை உலோகச் சோர்வு என்பர். வளைவில் இழையின் புறப்பரப்பு அடையும் திரிபு, ஏறக்குறைய இழையின் ஆரத்தை வளைவின் ஆரத்தால் வகுத்த ஈவாகும். 5 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்தால், 0.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒற்றைக் கம்பியில் திரிபு 5 சதவீதம், 0.1 மில்லிமீட்டர் இழையில் 1 சதவீதமே. நுண்ணிழைகள் பலவற்றை முறுக்கிக் கம்பி செய்வது இதனாலன்றோ! பிளக்கின் ரப்பர்க் கழுத்தும் வளைவின் ஆரத்தைப் பெருக்கவே அமைந்தது.

ஆகவே, கம்பியைக் கழற்றி மாற்றத்தக்க இயர்போனையே வாங்குக. வெள்ளிக் கம்பிக்குப் பெரும்பொருள் கேட்பார்கள். வெள்ளி செம்பைவிட ஏறக்குறைய 6 சதவீதமே மிகுதியாக மின்கடத்தும். அப்பணத்தில் இன்னொரு செப்புக் கம்பி வாங்கி வைக்கலாம். செல்பேசியைச் சட்டைப்பையில் இடும்போது பிளக் மேல்நோக்கி இருக்கட்டும். கம்பியைச் செல்பேசியின்மேல் இறுகச் சுற்றாமல், உள்ளங்கையளவு வளையமாகத் தளர்வாய்ச் சுருட்டுங்கள்.