ஏது சரியா என்று பாருங்கள்

காரைக்காலிலிருந்து கரையோரமாக வடக்கே போனால் தரங்கம்பாடி, அதையும் தாண்டினால் பூம்புகார். அந்த ஊர்ப் பெண் மணிமேகலை, காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் தருக்கம் படிக்கிறாள். அவள் பெயர் கொண்ட ‘மணிமேகலை’ காப்பியத்தின் 29ஆம் காதையில் பெரும்பகுதி இந்தப் பாடம்தான். நிறுவ வேண்டிய முடிவு பக்கம், அதற்கான காரணம் ஏது, எடுத்துக்காட்டு திட்டாந்தம். இவற்றில் நேரும் பிழைகளான போலிகள் முறையே 9, 14, 10 என மொத்தம் 33. அலுவலகப் பேச்சிலும் இதே போலிகள் வருவதால், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அவசியம் படிக்க வேண்டிய பகுதி இது.

ஏதுப்போலிகள் 14ஐயும் மூன்று வகைக்குள் அடக்கலாம். முதலாவது அசித்தம்: ஏதுவே உறுதிப்படாதது. “வாடிக்கையாளர் எல்லாரும் குறை சொல்கிறார்கள்” என்றால், யார், எப்போது, எத்தனை பேர் என்று கேளுங்கள்.

இரண்டாவதான அநைகாந்திகம் என்பது முடிவுக்கும் எதிர்முடிவுக்கும் பொருந்தும் ஏது. அலுவலகங்களில் மிக அதிகமாக ஏமாற்றுவது இதுதான். “பத்து வருஷ சர்வீஸ், அதனால் அவரே மேற்பார்வையாளர்” என்பார்கள். பத்து வருஷம் திறமைசாலிக்கும் ஆகும், திறமை இல்லாதவருக்கும் ஆகும். அந்த வருஷங்களில் அவர் என்ன செய்தார் என்பதே ஏதுவாக முடியும்.

மூன்றாவதான விருத்தத்தில் ஏது எதிர்முடிவையே நிறுவிவிடும். “ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும், ஆகவே கிடங்குக் கூரையைத் தை மாதம் பழுதுபார்ப்போம்” என்று ஒருவர் சொன்னால், அந்த மழையே கூரையைப் புரட்டாசிக்குள் முடிக்கச் சொல்கிறது.

காரைக்காலில் வேலை பார்ப்பவர்கள் திட்டாந்தப் போலியில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். “நாகூரில் இந்தக் கூலிதான், இங்கேயும் அதுவே போதும்” என்ற பேச்சு எளிதில் வரும். எல்லையில் உள்ள வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர் இருக்கும் தமிழ்நாடு. இந்தப் பக்கம் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். குறைந்தபட்ச ஊதியம், விடுமுறைப் பட்டியல், எரிபொருள் வரி எல்லாம் வேறு அரசாணையில் வருகின்றன. தெரு அடுத்தடுத்து இருந்தாலும் எடுத்துக்காட்டு ஒட்டாது.

போலியைக் கண்டதும் அதன் பெயரைச் சொல்லி எதிராளியை மடக்காதீர்கள்; உறவு கெடும், வேலையும் நடக்காது. “சார், இந்தக் காரணம் மற்றவருக்கும் பொருந்துமே, வேறு ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டால் போதும். ஏது தவறென்பதால் முடிவும் தவறாகிவிடாது. நல்ல ஏதுவோடு வர அவருக்கு வாய்ப்புக் கொடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்குப் போகுமுன் உங்கள் சொந்தக் கோரிக்கையை முதலில் இப்படிச் சோதித்துப் பாருங்கள். பக்கம், ஏது, திட்டாந்தம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.