கணிப்பொறி காணாத திறன்பேசி

கணக்கெடுப்புக்கும் பயிர்ப் பதிவுக்கும் அங்கன்வாடிக் குறிப்புக்கும் இன்று திறன்பேசியே ஏடாகிவிட்டது. அவ்வேடு ஒருநாள் தயாரிப்பாளரின் சின்னத்தை மட்டும் காட்டி, அதற்கப்பால் திறவாமல் நின்றுவிடுவது உண்டு. அதனைக் கணிப்பொறியுடன் இணைத்துச் சீர்செய்ய முயல்வோர்க்கு முதலில் நேரும் தடை, கணிப்பொறி அப்பேசியைக் காணாதிருப்பதே. உடனே பேசி அடியோடு பழுதாயிற்று எனக் கருதி, உள்ளிருப்பனவற்றை அழித்துவிடும் முறையைப் பலர் கைக்கொள்கின்றனர். இம்முடிவு பெரும்பாலும் அவசரமானது. குறை பேசியில் இருக்கலாம், வடத்தில் இருக்கலாம், கணிப்பொறியிலும் இருக்கலாம். எதில் உள்ளது என்பதைப் பிரித்தறியும் வழியை ஈண்டு ஆராய்வோம்.

யுஎஸ்பி வடத்தின் வழியே ஒரு சாதனம் இணைந்தவுடன், அது யாது எனக் கணிப்பொறி வினவுகிறது. சாதனம் இரண்டு எண்களை விடையாக அளிக்கிறது. ஒன்று தயாரிப்பாளரைக் குறிப்பது. மற்றொன்று பொருளைக் குறிப்பது. தான் எவ்வகைப் பணிக்கு உரியது என்பதையும் அறிவிக்கிறது. இவற்றுக்கு இசைந்த இயக்கியை இயங்குதளம் தேடி எடுத்துக்கொள்கிறது. இயக்கி என்பது சாதனத்துக்கும் இயங்குதளத்துக்கும் இடையே நிற்கும் துபாஷியை ஒத்த மென்பொருள்.

இதில் கவனிக்கற்பாலது யாதெனில், ஒரே பேசி எல்லாச் சமயங்களிலும் ஒரே விடையை அளிப்பதில்லை. கோப்புகளை மாற்றும் நிலையில் ஓர் எண். மீட்பு நிலையில் வேறோர் எண். பாஸ்ட்பூட் எனப்படும் தொடக்க நிலையில் பிறிதோர் எண். குவால்காம் சில்லு கொண்ட பேசியில் தொடக்க மென்பொருளே சிதைந்துவிட்டால், திரை முற்றிலும் இருண்டிருப்பினும், அது 9008 என்னும் அவசர நிலை எண்ணைத் தெரிவிக்கக் கூடும். செத்ததாகக் கருதப்படும் பேசி உண்மையில் பேசிக்கொண்டிருக்கிறது என்பதே இதன் பொருள். மீடியாடெக் சில்லு உடையவையோ சில வினாடிகள் தோன்றி மறைகின்றன. ஆகவே நேற்றுப் படங்களை நகலெடுத்த அதே கணிப்பொறி, மீட்பு நிலையிலுள்ள அதே பேசியை இன்று அறியாதிருப்பின் வியப்பில்லை. ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் காட்டலாம். நல்ல நிலையிலுள்ள ஆண்ட்ராய்டு பேசியை இணைத்து எண்களைக் குறித்துக்கொண்டு, பின்னர் அதன் அமைப்பில் கோப்பு மாற்றத்திலிருந்து இணையப் பகிர்வுக்கு மாற்றினால், பொருளைக் குறிக்கும் எண் மாறுவதை மாணவர்கள் காண்பர்.

விண்டோஸில் இவ்வெண்களைச் சாதன மேலாளர் என்னும் பகுதியில் பார்க்கலாம். அங்கு மஞ்சள் முக்கோணத்துடன் தோன்றும் பிழை எண்ணே நோயின் குறி. 28 எனில் இயக்கி நிறுவப்படவில்லை; பேசி நலமாகவே விடையளித்திருக்கிறது. 52 எனில் இயக்கி உண்டு, ஆனால் அதன் மின்கையொப்பத்தை விண்டோஸ் ஏற்கவில்லை. பழைய இயக்கிகளைப் புதிய கணிப்பொறியில் நிறுவும்போது இது நேரும். 43 எனத் தோன்றி, சாதனத்தின் விவரம் பெற இயலவில்லை என்றும் கூறுமாயின், முதல் வினாவுக்கே சரியான விடை வரவில்லை. அந்நிலையில் எத்தனை இயக்கிகளை மாற்றினும் பெரும்பாலும் பயனில்லை. வடத்தையும் யுஎஸ்பி வாயையும் மாற்றிப் பார்த்தலே முறை. எவ்விதக் குறியும் தோன்றாவிடில் வடத்தையே முதலில் ஐயுற வேண்டும். மலிவான சில வடங்களில் மின்னூட்டத்துக்குரிய இரு கம்பிகள் மட்டுமே உள்ளன. தகவல் செல்லும் கம்பிகள் இல்லை.

2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல், பொது இயக்கி ஒன்றுக்குத் தான் உரியது என அறிவிக்கும் சாதனத்துக்கு அவ்வியக்கி தானே அமைகிறது. அவ்வாறு அறிவிக்காத பேசிகளுக்குக் கூகிளோ தயாரிப்பாளரோ அளிக்கும் இயக்கியை நாமே சுட்டிக்காட்ட வேண்டும். ஆர்ம் வகைச் சில்லு கொண்ட விண்டோஸ் கணிப்பொறிகளுக்கு அச்சில்லுக்கென அமைந்த இயக்கியே செல்லும்.

லினக்ஸில் நிலைமை வேறு. கேரளப் பள்ளிகளில் பயன்படும் லினக்ஸ் பதிப்பாயினும், சிடாக் நிறுவனம் டெபியனிலிருந்து உருவாக்கிய பாஸ் லினக்ஸாயினும், பேசிக்கெனத் தனி இயக்கி பொதுவாக வேண்டுவதில்லை. அங்குக் குறுக்கே நிற்பது அனுமதி. சாதாரணப் பயனர் அச்சாதனத்தைத் தொட உரிமை அளிக்கும் யுடெவ் விதிக் கோப்பு இல்லையெனில், ஏடிபி கருவி பேசியைப் பட்டியலில் காட்டி, அனுமதி இல்லை என்று அருகில் எழுதும். விதிக் கோப்பை நிறுவுவதே நேரிய பரிகாரம். எல்லாவற்றையும் தலைமைப் பயனராக இயக்குவது நல்ல பழக்கமன்று.

லினக்ஸின் எல்எஸ்யுஎஸ்பி என்னும் கட்டளைக்கு மற்றொரு சிறப்புண்டு. இயக்கி இருப்பினும் இல்லாவிடினும், விடையளித்த எல்லாச் சாதனங்களையும் அது பட்டியலிடும். எனவே விண்டோஸ் கணிப்பொறியையே பென்டிரைவிலுள்ள லினக்ஸைக் கொண்டு தற்காலிகமாகத் தொடங்கி, அதே வடத்தில் பேசியை இணைத்துப் பார்க்கலாம். பட்டியலில் பேசி வருமாயின் பேசி, வடம், வாய் மூன்றும் தெளிவு பெற்றன. குறை விண்டோஸின் இயக்கியில் உள்ளது. எமது கருத்தில், புதிய இயக்கிகளைத் தேடி அலைவதற்கு முன் செய்யத்தக்க சோதனை இதுவே. ஆயின், கணிப்பொறிக்குள் மெய்நிகர்க் கணிப்பொறி அமைத்து அதில் லினக்ஸை ஓட்டி மீட்புப் பணி செய்தல் ஆபத்தானது. பணியின் நடுவே பேசி நிலை மாறும்போது எண்ணும் மாறுவதால், இணைப்பு அறுந்துபோக இடமுண்டு.

மாக்கில் ஏடிபி, பாஸ்ட்பூட் கருவிகளுக்குத் தனி இயக்கி வேண்டா. ஆயினும் ஆண்ட்ராய்டின் கோப்பு மாற்று முறை மாக்கில் இயல்பாக அமையவில்லை. ஆகவே பைண்டரில் பேசி தோன்றாமை குறையின் சான்றாகாது.

இனி, உள்ளிருக்கும் பதிவுகளின் நிலை. பேசியை மீட்பது வேறு. பதிவுகளை மீட்பது வேறு. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10உடன் வெளியாகும் பேசிகளில் பயனரின் தகவல்கள் மறையீடு செய்யப்பட்டே வைக்கப்படுகின்றன. சில்லைக் கழற்றிப் படித்தாலும் பொருள் விளங்காது. தொடக்க நிலையின் பூட்டைத் திறந்தால் பயனர் தகவல் முழுவதும் அழியும். அது பழுதன்று, பாதுகாப்புக்கெனச் செய்த ஏற்பாடு. மீட்பு நிலையில் தோன்றும் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புக என்ற தேர்வும் அவ்வாறே அழிக்கும். தயாரிப்பாளர் முழுப் புதுப்பிப்புக் கோப்பை வெளியிட்டிருப்பின், மீட்பு நிலையிலேயே ஏடிபி வழியாக அதனை ஏற்றுவது பதிவுகளை அழிக்காத வழி. எனவே அதையே முதலில் முயல வேண்டும். அதன் பதிப்பு பேசியிலுள்ளதற்கு முந்தியதாக இல்லாதிருத்தல் அவசியம்.

ஐபோனை மீட்பு நிலையில் இணைக்கும்போது புதுப்பித்தல், மீட்டமைத்தல் என இரு தேர்வுகள் தோன்றும். முன்னது பதிவுகளைக் காக்க முயலும், பின்னது அழிக்கும். மென்பொருள் இறங்க 15 நிமிடங்களுக்கு மேலாயின் ஐபோன் மீட்பு நிலையிலிருந்து தானே வெளியேறிவிடும். இணைய வேகம் குறைந்த ஊர்களில் இது அடிக்கடி நேரக்கூடியது. இதனைக் கண்டு மனந்தளர்ந்து இரண்டாவது தேர்வை அழுத்த வேண்டியதில்லை. இறக்கம் முடியும்வரை காத்திருந்து, பேசியை மறுபடி மீட்பு நிலைக்குக் கொண்டுவந்து, புதுப்பித்தலையே மீண்டும் தேர்ந்தெடுக்கலாம்.