மழைத் தண்ணீரில் பைக் நின்றுவிட்டதா?

ஐப்பசி மழை கொஞ்சம் வலுத்தாலே மதுரை மணிநகரம் கர்டர் பாலத்தடியில் தண்ணீர் தேங்கிவிடும். 2024 அக்டோபர் 25 மழையில் செல்லூர் பக்கம் வீடுகளுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. அப்படித் தேங்கிய தண்ணீரில் பைக் நின்றுபோனால் தயவுசெய்து செல்ஃப் அடிக்காதீர்கள், கிக்கரையும் உதைக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்புறம் இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான்.

வண்டியை மேட்டுக்குத் தள்ளிப்போய், சாவியை ஆஃப் செய்து, பிளக்கைக் கழற்றுங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு கிக்கரை நாலைந்து முறை கையால் மெதுவாக அழுத்தினால் உள்ளே இருக்கும் தண்ணீர் பிளக் துளை வழியே தெறித்துவிடும். பிளக்கையும் கேப்பின் உட்புறத்தையும் காய்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். காகித ஃபில்டர் நனைந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

ஆயிலைப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். நேராக மெக்கானிக்கிடம் தள்ளிப்போய் ஆயிலை மாற்றுங்கள்.

வெறும் தூறலில் நனைந்த வண்டி என்றால் சிவப்பு கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு, ஃபியூஸ் மூன்றையும் பாருங்கள். பல புது வண்டிகள் சைடு ஸ்டாண்டு இறங்கியிருந்தால் ஸ்டார்ட் ஆகாது.

சைலன்சர் வாய் முங்குகிற அளவு தண்ணீர் நின்றால் உள்ளே இறங்காதீர்கள். சுற்றிப் போங்கள்.