பழைய பிக்அப்: எதை மாற்றலாம், எதை அப்படியே விடலாம்

எட்டு, பத்து வருடம் ஓடிய பொலிரோ பிக்அப்பைப் பட்டறை வாசலில் நிறுத்தினால் ஆளுக்கொரு யோசனை வரும். பின்னால் ஒரு பட்டை கூட்டிக் கட்டு, டயரைப் பெரிதாகப் போடு, எல்.இ.டி. மாட்டு, கூண்டை உயர்த்து. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய வண்டிக்குப் பலன் தந்திருக்கும். அது உங்கள் வண்டிக்கும் ஒத்துவருமா என்று பார்க்க நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இங்கே பலம் கூட்டினால், இதுவரை இது வாங்கிய அடியை இனி எது வாங்கும்? பட்டை வளைந்து கொடுக்காவிட்டால் சேஸ் வாங்கும். டயர் வளைந்து கொடுக்காவிட்டால் பேரிங் வாங்கும். அந்த அடுத்த பாகம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் செய்கிற செலவு, பெரும்பாலும் இன்னொரு செலவையும் கையோடு கூட்டி வந்துவிடும்.

பொலிரோ பிக்அப்பை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். டாடா 207, தோஸ்த் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். குட்டி யானையின் கதை வேறு. 2005-ல் வந்த டாடா ஏஸின் 702 சிசி இன்ஜினும் முக்கால் டன் சுமையும் ஒன்றுக்கொன்று அளந்து வைத்தவை. அதில் சுமை ஏற்றுவதற்கான மாற்றம் எதுவும் வேண்டாம் என்பதே என் கருத்து.

முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பின் பட்டையைச் சேஸோடு பிடித்திருக்கும் தாங்கியைச் சுற்றி விரிசலோ பழைய வெல்டிங் தழும்போ இருந்தால், மற்ற எல்லா ஆசையையும் தள்ளிவைத்துவிட்டு அதைச் சரிசெய்ய வேண்டும். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியிருக்கிறீர்களா? அந்த ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மலை இறக்கத்தில் பிரேக் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி, மிதி தரையைத் தொடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பலாவும் அன்னாசியும் ஏற்றி இறங்குகிறவருக்கு இதைவிட முக்கியமான வேலை வேறு கிடையாது.

குளிரூட்டலிலும் ஒரு பழைய பழக்கம் இருக்கிறது. இன்ஜின் சூடேறுகிறது என்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். சூடு குறைந்ததுபோல் தெரியும். ஆனால் இன்ஜின் தனக்குரிய வெப்பத்துக்கு வரவே நேரமாகும். டீசல் கூடுதலாகக் குடிக்கும், உள்ளே தேய்மானமும் கூடும். ரேடியேட்டரை ராடிங் செய்வதா, புதுக் கோர் போடுவதா என்பதுதான் அங்கே உண்மையான தேர்வு. உப்பு மட்டும் அடைத்திருந்தால் ராடிங் போதும். தகடுகள் கையால் தொட்டாலே உதிர்கிற நிலை என்றால் புதுக் கோர்.

பின் பட்டை: நான்கு வழிகள்

பணமும் வாக்குவாதமும் அதிகம் நடக்கும் இடம் இதுதான். பட்டை தொய்ந்துவிட்டது, வண்டி பின்னால் குந்துகிறது என்றால் நான்கு வழிகள் உண்டு. பழைய பட்டையையே அடித்து வளைவு ஏற்றலாம். கூடுதலாக ஒரு பட்டை சேர்க்கலாம். கம்பெனி அளவிலேயே புது செட் போடலாம். அல்லது மெயின் செட்டுக்கு மேல் ஹெல்பர் ஸ்பிரிங் கட்டலாம்.

அடித்து வளைப்பதற்குச் செலவு குறைவு. ஆனால் பல லட்சம் முறை வளைந்து நிமிர்ந்து களைத்த இரும்பு அது. வளைவு திரும்ப வரும், பலம் திரும்ப வராது. கேஸ் வைத்துச் சூடாக்கி வளைத்தால் நிலைமை இன்னும் மோசம். பட்டை இரும்புக்குப் பதத்தைக் கொடுப்பதே கணக்கான சூடும் கணக்கான குளிர்ச்சியும்தான். தீ காட்டிய இடத்தில் அந்தப் பதம் போய்விடும், உடைந்தால் அங்கேதான் உடையும். வண்டியை விற்கப்போகிறீர்கள் என்றால்கூட இதைச் செய்யாதீர்கள். வாங்குகிறவரும் அதில்தான் சுமை ஏற்றப்போகிறார்.

பட்டை சேர்ப்பது எல்லோரும் விரும்பும் வழி. ஏழு பட்டை உள்ள செட்டில் அதே தடிமனில் நீளமான பட்டை ஒன்றைச் சேர்த்தால் விறைப்பு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு கூடும். சுமையோடு போகும்போது நன்றாகவே இருக்கும். சிக்கல் திரும்பி வரும்போதுதான். காலியாக வரும் வண்டியின் பின்பக்கம் குழிக்குக் குழி துள்ளும்; மழையில் பிரேக் மிதித்தால் பின் சக்கரம் பிடியை விட்டு வாலை வீசும். பட்டை உள்வாங்காத அதிர்ச்சி நேராகத் தாங்கிக்கும் சேஸுக்கும் போகும். பின்பக்கம் உயர்வதால் புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம் மாறி, கிராஸ் சீக்கிரம் தேயும். பழைய யூ போல்ட்டையே போட்டால் நட்டு பிடிக்கப் போதுமான மரை இருக்காது.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. சில பிக்அப்களில் சுமைக்கு ஏற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று, ஒரு கம்பியால் பின் ஆக்சிலோடு இணைந்திருக்கும். வண்டி சுமையில் தாழ்ந்தால்தான் அது பின் சக்கரத்துக்கு முழு அழுத்தத்தைத் திறந்துவிடும். பட்டை கூட்டி வண்டியைத் தாழாமல் நிறுத்திவிட்டால், ஒன்றரை டன் ஏற்றியிருந்தாலும் வண்டி காலி என்றே அந்த வால்வு எடுத்துக்கொள்ளும். நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் வண்டி நிற்கும். பட்டை வேலை செய்தால் அந்தக் கம்பியின் அளவையும் திரும்பச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

ஹெல்பர் ஸ்பிரிங் காலியாக இருக்கும்போது வேலை செய்யாது. வண்டி குறிப்பிட்ட அளவு தாழ்ந்த பிறகுதான் தாங்கத் தொடங்கும். போகும்போது சுமை, வரும்போது காலி என்று ஓடும் வண்டிகளுக்கு நான் இதைத்தான் சொல்வேன். போக வர இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே சுமை கிடைக்கிறது என்றால் கம்பெனி அளவில் புது செட் போதும். இரண்டிலும் இடம், வலம் சேர்த்தே மாற்ற வேண்டும். சென்டர் போல்ட், புஷ், யூ போல்ட் எல்லாம் புதிதாக இருக்க வேண்டும். பட்டைக்கும் சேஸுக்கும் நடுவே வைக்கும் காற்றுப் பை நல்ல பொருள்தான். ஆனால் காற்றளவைத் தவறாமல் பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு மட்டுமே அது உதவும்.

எந்த வழியை எடுத்தாலும் ஆர்.சி.யில் உள்ள எடை மாறாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவின்படி அதிகச் சுமைக்கு 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். பட்டை கூட்டியதால் ஏற்றிய சுமை நியாயம் ஆகிவிடாது.

டயரைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. கம்பெனி அளவிலேயே இருங்கள். 215/75 ஆர்15 போட வேண்டிய இடத்தில் 235/75 போட்டால் விட்டம் மூன்று சென்டிமீட்டர், அதாவது நான்கு சதவீதத்துக்கும் சற்று அதிகம், கூடும். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 62, 63-ல் ஓடும். கிளப்பும்போதும் ஏற்றத்திலும் கிளட்ச்சுக்கு அந்த அளவு கூடுதல் வேலை. ரீட்ரெட் டயரைப் பின்னால் போடலாம். ஸ்டியரிங் பிடிக்கும் முன் சக்கரத்துக்குப் புதுசுதான்.

வெளிச்சம்

விடிகாலை மூன்று மணிக்கு ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளியோடு கிளம்புகிறவருக்கு முகப்பு விளக்கு உயிர்ப் பிரச்சினை. பழைய வண்டியில் வெளிச்சம் மங்கினால் உடனே பல்பை மாற்றுவார்கள். 60/55 வாட் இருந்த இடத்தில் 100/90 வாட், அல்லது எல்.இ.டி. குற்றம் பெரும்பாலும் பல்பில் இருக்காது. பேட்டரியிலிருந்து சுவிட்ச் வழியாகச் சுற்றிவரும் மெல்லிய பழைய ஒயரும், துருவேறிய எர்த்தும்தான் மின்சாரத்தைத் தின்கின்றன.

இதைச் சோதிப்பது எளிது. இன்ஜின் ஓடும்போது பல்பின் முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பேட்டரியில் 13.5 வோல்ட் இருந்து பல்பில் 12 மட்டும் வந்தால், இழப்பது ஒன்றரை வோல்ட்தானே என்று தோன்றும். ஹாலஜன் பல்பில் வோல்ட் சற்றுக் குறைந்தாலும் வெளிச்சம் அதைவிட வேகமாக விழும். அந்த ஒன்றரை வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விடுகிறது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாகத் தடித்த ஒயர் இழுத்து, எர்த்தையும் புதிதாகக் கொடுத்தால் அதே 60/55 வாட் பல்பு புது வண்டிபோல் எரியும். என் கணக்கில் ஒரு பழைய பிக்அப்பில் செய்யக்கூடிய மாற்றங்களிலேயே செலவுக்கு அதிகப் பலன் தருவது இந்த ரிலே வேலைதான்.

100 வாட் பல்பு பழைய ஒயரில் இன்னும் அதிகச் சூட்டைக் கிளப்பும், ஹோல்டர் உருகும். சட்டமும் அதற்கு இடம் தராது. ஹாலஜனுக்காகச் செய்த கண்ணாடிக்குள் எல்.இ.டி. போட்டால், ஒளி பிறக்கும் இடம் இழை இருந்த இடத்தோடு சரியாக ஒத்துப்போகாது. வெளிச்சம் சிதறும். உங்களுக்கு முன்னால் பத்து அடி பளிச்சென்று தெரியும், தூரம் தெரியாது. எதிரில் வருபவருக்குக் கண் கூசும். எல்.இ.டி.யை டெயில் லேம்ப்புக்கும், சரக்கு இறக்கும்போது தொட்டியில் எரியும் விளக்குக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இண்டிகேட்டரில் போட்டால் ஃபிளாஷரையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் படபடவென்று அடிக்கும். கண்ணாடிக்குள் இருக்கும் வெள்ளிப் பூச்சு மங்கியிருந்தால் ஒயர் வேலையால் பயனில்லை. முழு ஹெட்லைட்டையும் மாற்றுங்கள். ஒளிரும் பட்டை ஸ்டிக்கரையும் மறக்க வேண்டாம்: முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு.

தொட்டியின் தரை

கம்பெனி தரும் தகடு ஓட்டை விழுந்தபின் மேலே எதை விரிப்பது? ஏறக்குறைய நான்கரை சதுர மீட்டர் பரப்பு என்று வையுங்கள். மூன்று மில்லி இரும்புத் தகடு நூறு கிலோவுக்குச் சற்று மேல் வரும். அதே தடிமனில் அலுமினியம் 36 கிலோ. 19 மில்லி மரைன் பிளைவுட் 55 கிலோ போல வரும். இரும்புக்கும் அலுமினியத்துக்கும் உள்ள வித்தியாசம் 14 கிலோ தக்காளிப் பெட்டியில் கிட்டத்தட்ட ஐந்து பெட்டி. ஒவ்வொரு நடையிலும் அந்த ஐந்து பெட்டியின் வாடகையை இரும்புத் தகடு எடுத்துக்கொள்கிறது. அதனால் காய்கறி, பூ, பழம் ஏற்றுகிறவருக்கு அலுமினியம் நீண்ட நாளில் மலிவு. செங்கல், கம்பி, ஜல்லி ஏற்றுகிறவருக்கு இரும்பு. அலுமினியம் பள்ளம் விழுந்துவிடும். முட்டை, பாத்திரம், மரச்சாமான் போன்றவற்றுக்குப் பிளைவுட் நல்லது. ஓரங்களுக்கு வண்ணம் பூசாவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் உப்பிவிடும்.

நாகப்பட்டினத்திலும் ராமேஸ்வரத்திலும் மீன் ஏற்றும் வண்டிகளுக்கு இந்தக் கணக்கு மட்டும் போதாது. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் அலுமினியத்துக்கும் அடியில் உள்ள இரும்புக்கும் நடுவே தங்கினால் அலுமினியம் அரித்துப்போகும். நடுவில் ரப்பர் ஷீட் விரித்து, போல்ட் தலைகளுக்கும் வாஷர் வைக்க வேண்டும். அதைவிட முக்கியம், தண்ணீர் எங்கே விழுகிறது என்பது. தொட்டி ஓட்டையிலிருந்து நேராகப் பட்டை மீதும் பிரேக் குழாய் மீதும் சொட்டும் வண்டிகளை மீன்பிடித் துறைமுகங்களில் தாராளமாகப் பார்க்கலாம். ஒரு ரப்பர் குழாயைச் சேஸுக்குக் கீழே வரை நீட்டிவிட்டால் பிரேக் குழாய் பல வருடம் கூடுதலாக உழைக்கும்.

கூண்டும் சட்டமும்

பக்கப் பலகையை உயர்த்தி நிரந்தரமாக வெல்டிங் செய்த கூண்டா, கழற்றி மாட்டும் பைப்பும் தார்பாயுமா என்று கேட்டால் தயங்காமல் இரண்டாவதைச் சொல்வேன். உயரத்தில் ஏறும் இரும்பின் ஒவ்வொரு கிலோவும் வளைவில் வண்டியைச் சாய்க்கப் பார்க்கும். வைக்கோல், கடலைக் கொடி, நெட்டி போன்ற இலகுவான சரக்குக்குத்தான் உயரமான கூண்டு ஏற்றது. ஆனால் கூண்டு இருந்தால் நிரப்பத் தோன்றும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு என்பதால், வெல்டிங் கூண்டு ஒவ்வொரு வருடமும் கேள்விக்கு வரும். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனமும் அதையே கேட்கும். முன்னால் இரும்பு பம்பர் கார்டு மாட்டும் ஆசையையும் விட்டுவிடுங்கள். 2017 டிசம்பரிலேயே அதற்கு எதிராக மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அது மோதலின் அடியை நேராகச் சேஸுக்கு அனுப்பும், நடந்து போகிறவரைக் கொல்லும்.

எந்த பாடி வேலையாக இருந்தாலும் சேஸில் வெல்டிங் வைக்க விடாதீர்கள். யூ கிளாம்ப் போதும். வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். காமன் ரெயில் இன்ஜின் உள்ள வண்டியில் அந்தச் சின்ன அலட்சியம் கம்ப்யூட்டரையே எரித்துவிடும்.

பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய வண்டிக்குப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிச் சந்தைகளில் பாகம் தேடி மாட்டுகிறவர்கள் உண்டு. கதவு, கண்ணாடி, இருக்கைச் சட்டம் எதை வேண்டுமானாலும் அங்கே வாங்குங்கள். ஸ்டியரிங், பிரேக் பாகங்களை மட்டும் வேண்டாம். எந்த விபத்திலிருந்து கழற்றியது என்று தெரியாது. கிங் பின், டை ராடு முனை, டயர் காற்று மூன்றையும் சரிசெய்தாலே கைக்கனம் பாதி குறைந்துவிடுவதைப் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன்.

டிரைவர் இருக்கைக்குச் செலவு செய்ய ஏனோ முதலாளிகள் யோசிக்கிறார்கள். ஒரு நாளில் பத்து மணி நேரம் உட்காரும் இடம் அது. கார் இருக்கையைப் பொருத்துவதைவிட, இருக்கும் சட்டத்திலேயே அடர்த்தியான ஃபோம் வைத்து, இடுப்புக்கு முட்டுக் கொடுத்து, ரெக்சினுக்குப் பதில் துணி உறை தைப்பது நல்லது. கார் இருக்கையால் உயரம் மாறிக் கிளட்ச்சுக்குக் கால் எட்டாமல் போகலாம். அதற்காகத் தரையில் புதுத் துளை போட்டு சீட் பெல்ட் இடத்தையும் நகர்த்துவார்கள். பெல்ட்டின் போல்ட் கம்பெனி வைத்த துளையிலேயே இருக்கட்டும். அங்கே தகட்டுக்குப் பின்னால் தடித்த நட்டு உண்டு, புதுத் துளைக்குப் பின்னால் வெறும் தகடுதான்.